வானிலிருந்து பார்க்கும் உரிமை யாருக்கு? ஆளில்லா விமானங்களும் செய்தியாளர்களும்

தென் லண்டனில் நோர்பரி ரயில் நிலையத்தைக் கடந்து செல்லும் ரயில் பாதை, கிழக்கு குரோய்டன் வழியாகக் கேட்விக் விமான நிலையத்தைச் சென்றடைகிறது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி இரவு, அந்த விமான நிலையத்தின் ஓடுபாதை அருகே டிரோன் எனப்படும் ஆளில்லா விமானம் தென்பட்டதாகத் தகவல் வந்ததை அடுத்து, விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. டிசம்பர் 21 வரை நீடித்த குழப்பத்தில் சுமார் ஆயிரம் விமான சேவைகள் பாதிக்கப்பட்டன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் புறப்பட்டிருந்த ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் பயணிகள் அவதிக்குள்ளானார்கள்.

இத்தனை குழப்பத்துக்கும் காரணமாகச் சொல்லப்பட்ட அந்த ஆளில்லா விமானத்தின் உறுதிசெய்யப்பட்ட புகைப்படம் ஒன்றுகூட இன்றுவரை வெளியாகவில்லை. விமான நிலையத்தைச் சுற்றிலும் செய்தியாளர்கள் படக்கருவிகளோடு காத்திருந்த நாட்கள் அவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சந்தேகத்தின் பேரில் கைதுசெய்யப்பட்ட ஒரு தம்பதியர் 36 மணி நேரம் தடுத்து வைக்கப்பட்ட பின்னர் குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டனர். அதற்குள் அவர்களுடைய பெயரும் படமும் நாளிதழ்களில் வெளியாகிவிட்டன. 2020ஆம் ஆண்டில் சசெக்ஸ் காவல்துறை அவர்களுக்கு இழப்பீடும் வழக்குச் செலவுமாக 2 லட்சம் பவுண்டுகள் வழங்க இணங்கியது. உண்மையான குற்றவாளி யார் என்பது கண்டறியப்படாமலேயே 2019 செப்டம்பரில் புலன் விசாரணை முடித்துக்கொள்ளப்பட்டது.

ஆளில்லா விமானம் குறித்த பொதுமக்களின் அச்சத்துக்கு பிரிட்டனில் உருவம் கொடுத்த நிகழ்வு இது. அதன் விளைவை அதிகம் உணர்ந்தவர்களில் செய்தியாளர்களும் அடங்குவர். ஏனெனில், அதே கருவியைத் தங்கள் தொழிலுக்கான சாதனமாக அவர்கள் அப்போது பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

ஹெலிகாப்டர் ஒன்றை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்க ஆகும் செலவைக் கொண்டு, தரமான சிறிய ஆளில்லா விமானம் ஒன்றையே வாங்கிவிட முடியும். செய்தி நிறுவனங்களுக்கு இது சாதாரண மாற்றமல்ல. வானிலிருந்து பார்ப்பது என்பது அரசாங்கங்களுக்கும், இராணுவங்களுக்கும், பெரும் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் மட்டுமே வாய்த்த ஒன்றாக நீண்ட காலம் இருந்தது. இப்போது ஒரு தனிச் செய்தியாளரின் முதுகுப் பையில் அது அடங்கிவிடுகிறது. அழகான காட்சிகளைத் தருவது இந்தக் கருவியின் சிறிய பயன் மட்டுமே. அதிகாரத் தரப்பு காட்ட விரும்புவதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாத இடங்களில், இன்னொரு கண்ணாக அது இருக்க முடியுமா என்பதே பெரிய கேள்வி.

நோர்பரியில் ஒரு செய்தியாளர் என்ன செய்யலாம்?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். நோர்பரியின் லண்டன் வீதியில், கடைகளுக்கு மேலே மக்கள் குடியிருக்கும் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை மேலிருந்து படமெடுக்க விரும்பும் செய்தியாளர், தமது விமானத்தை 400 அடிக்கு, அதாவது 120 மீட்டருக்கு மேல் பறக்கவிட முடியாது. அது எப்போதும் தமது கண்பார்வையில் இருக்க வேண்டும். எடை எதுவாயினும், கூடிநிற்கும் மக்கள் திரளுக்கு மேலாகப் பறக்கக் கூடாது. மீட்புப் பணிக்கு இடையூறு செய்தால் அது குற்றம்.

இவற்றைவிட முக்கியமானது எடை. 250 கிராமுக்குக் குறைவான விமானங்களுக்குக் கட்டுப்பாடுகள் மிகக் குறைவு. எடை கூடக்கூட மனிதர்களிடமிருந்து விலகியிருக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. கனமான விமானங்கள், சிறப்பு அனுமதி இல்லாத நிலையில், குடியிருப்புப் பகுதிகளிலிருந்து 150 மீட்டர் தள்ளியே பறக்க வேண்டும். வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டிநிற்கும் நோர்பரியின் தெருக்களில் அத்தகைய வெற்றிடத்தைக் காண்பது அரிது. சந்தையில் விற்கப்படும் சிறிய ரக விமானங்கள் பல 249 கிராம் எடையோடு வருவதன் இரகசியம் இதுதான்.

வணிக நோக்கத்துக்கும் பொழுதுபோக்குக்கும் தனித்தனி அனுமதி என்ற பழைய முறையை பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிட்டது. தொழில்முறையில் பறக்கவிடுவோருக்குக் காப்புறுதி மட்டும் கட்டாயமாகத் தொடர்கிறது. கேட்விக் நிகழ்வுக்குப் பின்னர், 2019 மார்ச்சில், விமான நிலையங்களைச் சுற்றியுள்ள தடைப் பகுதி 1 கிலோமீட்டரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் வரை விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல் பதிவு கட்டாயமாயிற்று. 2026 ஜனவரி முதல் 100 கிராம் எடையுள்ளவற்றைப் பறக்கவிடுவோரும் இணையவழித் தேர்வு எழுதி அடையாள எண் பெற வேண்டியிருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பது ஒன்று, சம்பவ இடத்தில் நிற்கும் காவலரின் மனநிலை வேறொன்று. 2014ஆம் ஆண்டின் இறுதி நாட்களில், கேட்விக்குக்கு அருகே சர்ரே பகுதியில் உயிர்ப்பலி கொண்ட தீவிபத்து ஒன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்த சுயாதீனப் புகைப்படச் செய்தியாளர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். ஆளில்லா விமானத்தை இயக்க உரிய அனுமதி பெற்றிருந்தவர் அவர். பல மணி நேரத்துக்குப் பின்னர் குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டார். ஆனால், செய்தி அதற்குள் பழையதாகிவிட்டது.

செய்தி நிறுவனங்கள் எப்போதும் குற்றமற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. 2015 ஜனவரியில் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மாநாடு நடந்தபோது, தடைசெய்யப்பட்ட வான்பரப்பில் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டதற்காக பிபிசி செய்தியாளர்கள் மூவர் சுவிஸ் காவல்துறையினரால் விசாரிக்கப்பட்டார்கள்.

அந்தரங்கம் தொடர்பான விவாதம் இதைவிடப் பழமையானது. தமது வீட்டை விமானத்திலிருந்து படமெடுத்து, அந்தப் படத்தைத் தமக்கே விற்க முயன்ற நிறுவனத்தின் மீது பிரபு பெர்ன்ஸ்டைன் தொடுத்த வழக்கில் 1977ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வீட்டின் உரிமையாளருக்கு வானம் முழுவதும் சொந்தமல்ல, தமது நிலத்தை இயல்பாகப் பயன்படுத்தத் தேவையான உயரம் வரையே அவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். வழக்குத் தொடுத்து தோற்ற அந்தப் பிரபு, கிரனாடா தொலைக்காட்சியின் நிறுவனர் என்பது சுவையான தகவல். ஆனால், அந்தத் தீர்ப்பு ஒருமுறை கடந்து செல்லும் விமானத்தைப் பற்றியது. படுக்கையறைச் சன்னலுக்கு எதிரே அசையாமல் நிற்கக்கூடிய படக்கருவியைப் பற்றியதல்ல. தனிநபர்களை அடையாளம் காணும்படியாகவோ, வீடுகள், தோட்டங்கள் போன்ற தனியிடங்களுக்கு மேலாகவோ படமெடுக்க வேண்டுமாயின், அவர்களது இசைவோ தக்க பொதுநல நியாயமோ இருக்க வேண்டும் என்பதே இன்று பெரிய செய்தி நிறுவனங்கள் பொதுவாகக் கொண்டிருக்கும் நெறி.

வன்னியின் வானத்தில் இருந்த ஒரே கண்

நோர்பரியிலும் அதை அடுத்துள்ள பகுதிகளிலும் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு ஆளில்லா விமானம் புதிய சொல் அல்ல. விமானப் படையின் வேவு விமானம் எழுப்பிய இரைச்சலை வைத்து அதை ‘வண்டு’ என்று அழைத்த வன்னி மக்களில் பலருக்கு உறவினர்கள் லண்டனில் இருக்கிறார்கள். வண்டின் ஓசை கேட்டால் சற்று நேரத்தில் எறிகணை வரும் என்பது அந்த மக்களின் அனுபவம்.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், சுயாதீனச் செய்தியாளர்கள் போர்க்களத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. இராணுவம் அழைத்துச் சென்ற இடங்களை மட்டும், இராணுவம் குறித்த நேரத்தில் அவர்கள் பார்த்துத் திரும்பினார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியிலிருந்தும் சுதந்திரமான செய்தி வெளிவரும் நிலை இருக்கவில்லை. அந்தக் காலகட்டத்தில் களத்தை இடைவிடாமல் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது இலங்கை விமானப் படையின், இஸ்ரேலில் தயாரிக்கப்பட்ட ஆளில்லா விமானங்கள்தான்.

2009 ஏப்ரல் 20ஆம் தேதி, புதுமாத்தளன் பகுதியில் இருந்த மண் அரண் உடைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான மக்கள் கடனீரேரியைக் கடந்து இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தனர். அந்தக் காட்சியை ஆளில்லா விமானம் பதிவு செய்தது. அரசாங்கம் அதை உடனடியாக வெளியிட்டது. கறுப்பு வெள்ளையில், எறும்புச் சாரை போல் மக்கள் நகரும் அந்தக் காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. அது பொய்யான காட்சியல்ல. மக்கள் வெளியேறினார்கள். அவர்களை வெளியேறவிடாமல் விடுதலைப் புலிகள் தடுத்து வைத்திருந்தார்கள் என்பதை ஐ.நா. நிபுணர் குழுவும் பின்னர் பதிவு செய்தது. ஆனால், அதே விமானங்கள் அதற்கு முந்தைய வாரங்களில் மருத்துவமனைகளுக்கும், மோதல் தவிர்ப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கும் மேலாகப் பறந்தபோது கண்டவை என்ன? தெரிவு செய்யப்பட்ட பகுதிகள் தவிர்த்து, அந்தப் பதிவுகள் பொதுமக்களின் பார்வைக்கு வரவில்லை.

செய்தியாளர்களுக்கு மாற்றாகக் கிடைத்தவை மிகக் குறைவு. ஐ.நா.வின் செய்மதிப் படப் பிரிவு தயாரித்த படங்கள் 2009 ஏப்ரலில் கசிந்தன. அவற்றில் மக்கள் தங்கியிருந்த பகுதிகளில் குண்டுக் குழிகள் தென்பட்டன. போர் முடிந்த சில நாட்களில், மே 23ஆம் தேதி, ஐ.நா. பொதுச் செயலர் பான் கீ மூன் வன்னிக்கு மேலாக ஹெலிகாப்டரில் சென்றார். அந்தப் பயணத்தின்போது எடுக்கப்பட்ட வான்வழிப் புகைப்படங்களையும் பிற ஆவணங்களையும் ஆதாரமாகக் கொண்டு, இருபதாயிரத்துக்கும் அதிகமான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் மே மாத இறுதியில் செய்தி வெளியிட்டது. இலங்கை அரசு அதனை மறுத்தது. 2011ஆம் ஆண்டில் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, 40 ஆயிரம் பேர் வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டை நிராகரிக்க முடியாது என்றது.

அதாவது, ஒரு ஹெலிகாப்டரின் சன்னல் வழியே சில நிமிடங்கள் கிடைத்த பார்வை, பல மாதங்களாக மறைக்கப்பட்டிருந்த ஒன்றைப் பற்றிய விவாதத்தைத் திறந்துவிட்டது. லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் அந்த ஆண்டு 73 நாட்கள் தொடர்ந்து போராடிய தமிழர்கள், களத்தில் நடப்பதைக் காட்டுங்கள் என்றுதான் ஊடகங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஊடகங்களின் கையில் காட்டுவதற்கு ஏதுமில்லை. கையடக்க ஆளில்லா விமானம் அன்று இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை ஏந்தியவர் உயிரோடு திரும்பியிருப்பாரா என்பதே ஐயத்துக்குரியது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 9ஆம் தேதி, கொழும்பில் ஜனாதிபதி மாளிகையை மக்கள் வெள்ளம் சூழ்ந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் தாக்குதல்களை அடுத்து நாடு முழுவதும் ஆளில்லா விமானங்களுக்குத் தடை விதித்த அதே நாட்டில், அன்றைய கூட்டத்தின் பிரம்மாண்டத்தை வானிலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகளே உலகுக்கு உணர்த்தின. கூட்டம் சிறியது என்று யாராலும் மறுக்க முடியவில்லை.

சிதைகளும் கேரம் பலகையும்

இந்தியாவில் 2014 அக்டோபரில் ஆளில்லா விமானங்களைத் தனியார் பறக்கவிடத் தடை விதிக்கப்பட்டது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள் கதவைச் சற்றே திறந்தன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த விதிகள், பச்சை மண்டலம் எனப்படும் பகுதிகளில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்க வழிசெய்தன. ஆனால், இந்தியச் செய்திப் படங்களில் அதிகம் பேசப்பட்டது அந்தத் தளர்வுக்கு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது.

2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையின்போது, டெல்லியின் தகன மைதானம் ஒன்றில் வரிசை வரிசையாக எரியும் சிதைகளை ராய்ட்டர்ஸ் புகைப்படச் செய்தியாளர் டேனிஷ் சித்திகி ஆளில்லா விமானம் மூலம் படமெடுத்தார். மரண எண்ணிக்கை குறித்த அரசின் புள்ளிவிபரங்கள் மீது ஐயங்கள் எழுந்திருந்த வேளை அது. ஒரு படம் பிணங்களை எண்ணித் தராதுதான். ஆனால், எண்ணிக்கை சரிதானா என்ற கேள்வியை அது தவிர்க்க முடியாததாக்கியது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் நிகழ்ந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. அரசுக் கணக்கைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு அது. இந்திய அரசு அந்தக் கணக்கீட்டு முறையை ஏற்கவில்லை. 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட சித்திகிக்கும் அவரது சகாக்கள் மூவருக்கும் 2022ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.

அந்தப் படங்களை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். துயரத்தில் இருக்கும் குடும்பங்களின் அந்தரங்கச் சடங்கை மேலிருந்து எட்டிப்பார்ப்பது முறையா என்பது அவர்களது கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நியூயோர்க்கின் ஹார்ட் தீவில் 2020 ஏப்ரலில் கூட்டுப் புதைகுழிகள் ஆளில்லா விமானம் மூலம் படமெடுக்கப்பட்டபோதும் இதே விவாதம் எழுந்தது. அங்கு மூத்த புகைப்படக் கலைஞர் ஒருவரின் விமானத்தைக் காவல்துறை பறிமுதல் செய்தது. ஆனால், உயரமே இத்தகைய படங்களில் ஓரளவு கண்ணியத்தைக் காக்கிறது. தரையில் நின்று எடுக்கும் படத்தில் அழுபவரின் முகம் தெரியும். மேலிருந்து எடுப்பதில் தெரிவது அழிவின் அளவு.

இதற்கு நேர்மாறான ஒன்று 2020 ஏப்ரலில் திருப்பூரில் நடந்தது. ஊரடங்கை மீறி கேரம் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்கள், காவல்துறையின் ஆளில்லா விமானத்தைக் கண்டு சிதறி ஓடுவதும், கேரம் பலகையைப் போர்த்திக்கொண்டு ஒருவர் ஒளிந்துகொள்ள முயல்வதும் பதிவாகின. நகைச்சுவை வசனங்கள் சேர்க்கப்பட்டு காவல்துறையால் வெளியிடப்பட்ட அந்தக் காணொளியைத் தொலைக்காட்சிகள் சிரித்துக்கொண்டே ஒளிபரப்பின. காவல்துறை எடுத்து, தொகுத்து, இசையும் சேர்த்துக் கொடுத்த காட்சி அது. அதில் துரத்தப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அரசியல் கட்சிகளின் மாநாடுகளிலும் இதுவே நடக்கிறது. கட்சி அமர்த்திய ஒளிப்பதிவாளர்கள் வானிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கூட்டக் காட்சிகள், ‘அலைகடலெனத் திரண்ட தொண்டர்கள்’ என்ற வர்ணனையோடு அப்படியே செய்தியாகிவிடுகின்றன. கூட்டத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது அந்தக் காட்சிகளில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

செய்தி அறைகளுக்குள்ளேயே எழும் மற்றொரு கவலை, பதிவான காட்சி யாருக்குப் பயன்படும் என்பது. ஓர் ஆர்ப்பாட்டத்தை மேலிருந்து பதிவு செய்யும் செய்தியாளரிடம், அதில் பங்கேற்ற ஒவ்வொருவரின் நடமாட்டமும் சேர்கிறது. காவல்துறை அதைக் கேட்டால்? டேல் பார்ம் என்ற இடத்தில் நாடோடிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது எடுக்கப்பட்ட காட்சிகளை ஒப்படைக்குமாறு தொலைக்காட்சி நிறுவனங்களுக்குப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவை, 2012 மே மாதத்தில் லண்டன் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. செய்தியாளர்கள் காவல்துறையின் கருவிகளாகப் பார்க்கப்பட்டால் அவர்களது பாதுகாப்பும் தொழிலும் பாதிக்கப்படும் என்ற வாதத்துக்கு அங்கு மதிப்புக் கிடைத்தது. தரையில் நின்று எடுத்த காட்சிகளுக்கே இவ்வாறாயின், ஒரு தெரு முழுவதையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்கும் காட்சிகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கருவியே குற்றமாகும்போது

எனினும், போர்க்களங்களில் எழுந்திருக்கும் கேள்வியின் முன் இவையெல்லாம் சிறியவை. உக்ரைன் போரில் ஆளில்லா விமானம் முதன்மையான கொலைக் கருவியாகிவிட்டது. 2025 அக்டோபர் 3ஆம் தேதி, கிழக்கு உக்ரைனில் பிரெஞ்சுப் புகைப்படச் செய்தியாளர் அந்தோனி லாலிக்கான் அத்தகைய விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். வானில் பறப்பது வேவு பார்க்கிறதா, குண்டு சுமக்கிறதா, செய்திக்குப் படமெடுக்கிறதா என்று தரையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே, அதை இயக்குபவர் எவராயினும் எதிரியாகவே பார்க்கப்படுகிறார்.

காசாவில், 2023 அக்டோபருக்குப் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, இராணுவம் அழைத்துச் சென்ற பயணங்கள் தவிர வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுயாதீனமாக உள்ளே செல்ல அனுமதிக்கப்படவில்லை. வன்னியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. வித்தியாசம் ஒன்றுதான். காசாவுக்குள் இருந்த பாலத்தீனச் செய்தியாளர்களிடம் சிறிய ஆளில்லா விமானங்கள் இருந்தன.

2025 மார்ச் 15ஆம் தேதி, போர் நிறுத்தம் நடைமுறையில் இருந்த வேளையில், வட காசாவின் பெய்ட் லாஹியாவில் இஸ்ரேல் நடத்திய தாக்குதல்களில் செய்தியாளர்களும் உதவிப் பணியாளர்களுமாக 9 பேர் கொல்லப்பட்டதாகப் பாலத்தீன அதிகாரிகள் தெரிவித்தனர். நோர்பரியும் உள்ளடங்கிய குரோய்டன் பகுதியைத் தளமாகக் கொண்ட அல் கைர் அறக்கட்டளை, தனது தன்னார்வலர்கள் 8 பேர் பலியானதாகக் கூறியது. இடம்பெயர்ந்தோருக்குக் கூடாரங்கள் அமைக்கும் பணியைப் பதிவு செய்யவே ஒளிப்பதிவாளர்கள் அங்கு சென்றதாக அறக்கட்டளை விளக்கமளித்தது. தமது படையினருக்கு அச்சுறுத்தலாக இருந்த ஆளில்லா விமானத்தை இயக்கிய பயங்கரவாதிகளையே தாக்கியதாக இஸ்ரேலிய இராணுவம் கூறியது.

இதே விளக்கம் அதற்கு முன்னரும் ஒருமுறை தரப்பட்டது. 2024 ஜனவரி 7ஆம் தேதி, தென் காசாவில் காரில் சென்றுகொண்டிருந்த அல் ஜசீரா செய்தியாளர் ஹம்சா அல் தஹ்தூஹும், ஆளில்லா விமானம் மூலம் படமெடுத்துவந்த சுயாதீன ஒளிப்பதிவாளர் முஸ்தஃபா துராயாவும் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டனர். படையினருக்கு ஆபத்து விளைவிக்கும் விமானத்தை அவர்கள் இயக்கியதாகவும், இருவரும் ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்றும் இஸ்ரேலிய இராணுவம் கூறியது. குடும்பத்தினரும் அல் ஜசீராவும் அதை மறுத்தனர். துராயாவின் ஆளில்லா விமானத்தில் அன்று பதிவாகியிருந்த காட்சிகளை ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் பெற்று ஆராய்ந்தது. அவற்றில் குண்டுவீச்சில் இடிந்த ஒரு கட்டடம் இருந்தது. இஸ்ரேலியப் படையினரோ, விமானங்களோ, இராணுவத் தளவாடங்களோ அவற்றில் எங்கும் தென்படவில்லை என்று 2024 மார்ச்சில் அந்த நாளிதழ் எழுதியது.